மெழுகு உருக்கும் வீடும் திரி விற்கும் கடையும்

ஒரு பெட்டி மெழுகுதிரியைக் கொள்வனவு செய்யும் வியாபாரி அதன் நீளத்தைப் பார்க்கிறார், நிறையைப் பார்க்கிறார், பிறகு விலையைப் பேசுகிறார். அந்தத் திரி எந்த அடுப்பில், எந்தச் சட்டியில், யார் கையால் உருக்கி வார்க்கப்பட்டது என்று கேட்பவர்கள் நம்மில் மிகக் குறைவு. பெரிய தொழிற்சாலையில் இருந்து வரும் திரிக்கு அந்தக் கேள்வி தேவையற்றதாக இருக்கலாம். ஆனால் ஆலையடிவேம்பிலோ அக்கரைப்பற்றிலோ நிந்தவூரிலோ ஒரு வீட்டுக் குசினியில் வார்த்த திரியை வாங்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்பது வியாபாரியின் கடமை. அதைவிட முக்கியமாக, அதற்கான பதிலை விலையிலும் காட்டுவது அவரது கடமை. இதையே இவ்வாரம் நமது வர்த்தக நண்பர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

பொத்துவில் தொடக்கம் மருதமுனை வரையுள்ள நமது கரையோர ஊர்களில் சிறு முதலீட்டுடன் தொடங்கக்கூடிய தொழில்கள் அதிகமில்லை. மெழுகுதிரி வார்ப்பு அவற்றுள் ஒன்று. ஒரு மூட்டை பரபின் மெழுகு, ஓர் அச்சு, ஒரு கட்டுத் திரிநூல், ஓர் அடுப்பு இருந்தால் தொழில் தொடங்கிவிடும். வீட்டை விட்டு வெளியே போய் உழைக்க முடியாத பெண்களுக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நாலு காசு தேட நினைக்கும் தாய்மாருக்கும் இது பொருத்தமானது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய சுனாமி அம்பாறைக் கரையோரத்தைத் துடைத்துச் சென்ற பின்னர் சுயதொழில் என்ற சொல் நமது ஊர்களில் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை. எனவே இத்தொழிலை நிறுத்தச் சொல்வது நமது நோக்கமல்ல. இது நிலைக்க வேண்டுமானால் ஆபத்தின்றி நடக்க வேண்டும் என்பதே நமது கருத்து.

கேள்வி கூடும்போது அவசரமும் கூடுகிறது

மெழுகுதிரி ஆண்டு முழுவதும் ஒரே அளவில் விற்கும் சரக்கல்ல. மின்சாரம் நின்றால்தான் அதற்கு மவுசு. 1996ஆம் ஆண்டு வறட்சியால் நீர்மின் நிலையங்கள் முடங்கி, நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு அமுலானதை மூத்த வியாபாரிகள் அறிவார்கள். 2020 ஆகஸ்ட் 17ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல், மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை போனது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடே இருண்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது பல பிரதேசங்களில் மின்சாரம் திரும்ப நாட்கள் சென்றன.

இப்படியான வேளைகளில் நடப்பது என்ன? கடைக்காரரின் அலுமாரி ஒரே நாளில் காலியாகிறது. அவர் மொத்த வியாபாரியை நெருக்குகிறார். மொத்த வியாபாரி, திரி வார்க்கும் வீட்டுக்கு ஆளனுப்புகிறார். "நாளைக் காலைக்குள் இருநூறு பெட்டி வேண்டும்" என்ற சொல் அந்த வீட்டுக் குசினிக்குள் நுழைந்தவுடன், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நிதானமாக மெழுகு உருக்கும் இரட்டைச் சட்டி ஒதுக்கப்படுகிறது. மெழுகுச் சட்டி நேராக அடுப்பில் ஏறுகிறது. வீட்டில் மின்சாரம் இல்லை. வெளிச்சம் போதாது. பிள்ளைகள் இருட்டில் தாயைச் சுற்றியே நிற்கிறார்கள். அதிக மெழுகு உருகும் நேரமும் அதிக ஆபத்தான நேரமும் ஒன்றாகி விடுகின்றன.

மெழுகின் குணம்

பரபின் மெழுகு மண்ணெண்ணெய், டீசல் பிறக்கும் அதே மசகு எண்ணெயில் இருந்து எடுக்கப்படும் பொருள். 1830ஆம் ஆண்டு ஜேர்மனிய விஞ்ஞானி கார்ல் வொன் ரைஹன்பாக் இதனைப் பிரித்தெடுத்தார். வேறு பொருட்களோடு எளிதில் சேராத தன்மையைக் கண்டு, 'நாட்டம் குறைந்தது' என்ற பொருள்படும் இலத்தீன் சொற்களில் இருந்து இதற்குப் பெயரிடப்பட்டது. வெள்ளையாக, மணமின்றி, கையில் ஒட்டாமல் இருப்பதால் இது சாதுவான பொருள் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். உருக்கிய பின் இது ஓர் எரிபொருள் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

திரி வார்க்கும் மெழுகு பொதுவாக 50 முதல் 65 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். சந்தையில் 58/60 என்று குறிப்பிட்டு விற்கப்படுவது அந்த உருகு வெப்பத்தைத்தான். அச்சில் ஊற்றுவதற்கு 70 முதல் 80 பாகை வரை சூடாக்கினால் போதும். அதற்கு மேல் ஏற்றுவதால் தொழிலுக்கு எந்த இலாபமும் இல்லை. மெழுகு ஏறத்தாழ 200 பாகையை நெருங்கும்போது அதிலிருந்து எழும் ஆவி அருகிலுள்ள நெருப்பில் பற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடுகிறது.

தண்ணீர் கொதிக்கும் முன் குமிழி விடும், சத்தம் போடும். பால் பொங்கி நம்மை எச்சரிக்கும். மெழுகு இரண்டும் செய்யாது. 80 பாகையிலும் 180 பாகையிலும் அது ஒரே மாதிரித் தெளிந்த நீர் போலச் சட்டியில் கிடக்கும். அது தரும் ஒரே எச்சரிக்கை வெண்புகை. புகை தெரிந்த நேரத்தில் ஆபத்து வாசலுக்குள் வந்துவிட்டது என்று பொருள். சமையலில் முப்பது வருட அனுபவமுள்ள பெண்ணும் மெழுகில் ஏமாறுவதற்கு இதுவே காரணம். சமையல் பழக்கிய கண்ணுக்கு மெழுகு எந்த அடையாளமும் காட்டுவதில்லை.

இன்னொரு குணமும் உண்டு. மெழுகு உருகும்போது அதன் பருமன் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாக விரிகிறது. முதல்நாள் மிச்சமான மெழுகு சட்டியிலேயே உறைந்திருக்க, மறுநாள் அப்படியே அடுப்பில் வைத்தால் அடியில் உள்ளது முதலில் உருகும். மேலே உள்ள கட்டி மூடி போல் அடைத்து நிற்கும். உள்ளே விரியும் சூடான மெழுகு வழி தேடி மேற்பட்டையை உடைத்துக்கொண்டு சீறலாம். எனவே மிச்ச மெழுகை உறையுமுன் ஒரு தட்டில் ஊற்றி, உறைந்த பின் துண்டு துண்டாக வெட்டி வைப்பதே சரியான முறை.

இரண்டு சட்டி முறை

இதற்கெல்லாம் பரிகாரம் விலை உயர்ந்த இயந்திரமல்ல. ஒரு சட்டிக்குப் பதில் இரண்டு சட்டி. பெரிய சட்டியில் தண்ணீர். அதனுள் ஒரு வளையத்தின் மீதோ தட்டையான தகர மூடியின் மீதோ மெழுகுச் சட்டி. தண்ணீர் 100 பாகைக்கு மேல் சூடேறாது. ஆகவே அதனுள் இருக்கும் மெழுகும் அந்த எல்லையைத் தாண்டாது. தீப்பற்றும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியிலேயே அது நின்றுவிடும்.

இம்முறையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. வெளிச்சட்டியில் தண்ணீர் வற்றினால் அது நேரடி அடுப்பாகவே மாறிவிடும். எனவே அவ்வப்போது பார்த்துச் சுடுநீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் துள்ளி மெழுகுக்குள் விழாதபடி அடுப்பைத் தணித்து வைக்க வேண்டும். மெழுகுச் சட்டியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. மெழுகுப் பாளத்தை அப்படியே போடாமல் சிறு துண்டுகளாக உடைத்துப் போட்டால் விரைவில் உருகும். இரண்டு சட்டி முறையில் நேரம் போகிறது என்பவர்களின் குறையில் பெரும்பகுதி இதனால் தீரும்.

வெப்பமானி ஒன்று கட்டாயம் தேவை. கண்ணால் அளக்க முடியாததைக் கருவியால்தான் அளக்க வேண்டும். சாயத்தையும் வாசனை எண்ணெயையும் அடுப்பை அணைத்துவிட்டே கலக்க வேண்டும். வாசனை எண்ணெய்கள் பல, மெழுகை விடக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியவை.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். கிடுகுக் கொட்டிலின் கீழ் மெழுகு உருக்குவது நெருப்பைக் கூரைக்கு அழைப்பதாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த முற்றத்தில் அடுப்பு மூட்டினால் சுவாலை சட்டியின் வாய் வரை வளையும். சுவர் மறைப்புள்ள, ஆனால் காற்றோட்டமுள்ள இடமே ஏற்றது. விறகடுப்பைத் தவிர்ப்பது நல்லது. அதன் சுவாலையை உடனே அணைக்க முடியாது. கேஸ் அடுப்பானால் குழாயையும் ரெகுலேட்டரையும் முதலில் பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டு இறுதியில் நாடெங்கும் வீடுகளில் நடந்த கேஸ் வெடிப்புகளை ஆராய ஜனாதிபதி ஒரு குழுவையே நியமிக்க வேண்டி வந்ததை நாம் அறிவோம். சேலைத் தலைப்பு, ஷால், அகன்ற கை வைத்த ஆடை ஆகியவை அடுப்புக்கு மேல் தொங்காமல் இருக்க வேண்டும். பிள்ளைகள் அந்த அறைக்குள் வரக்கூடாது. மெழுகு அடுப்பில் இருக்கும்போது, வாசலில் யார் கூப்பிட்டாலும், கைத்தொலைபேசி ஒலித்தாலும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

மருதமுனைக் கைத்தறித் துணிக்குப் பெயர் உள்ள நமது பிரதேசத்தில் பத்திக் வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கும் இவை பொருந்தும். திரி வார்ப்பவர் உருக்கியதை ஊற்றி முடிக்கிறார். பத்திக் வேலை செய்பவரோ மெழுகை மணிக்கணக்கில் சூடாகவே வைத்திருக்கிறார். ஆகவே அவருக்கு வெப்பமானியின் தேவை இன்னும் அதிகம்.

தீப்பற்றினால், உடம்பில் பட்டால்

மெழுகுச் சட்டி தீப்பற்றினால் பதற்றத்தில் எவரும் முதலில் தேடுவது தண்ணீரை. அதுவே மிகப் பெரிய தவறு. எரியும் மெழுகின் மேல் விழும் தண்ணீர் அடியில் இறங்கிக் கணப்பொழுதில் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய 1,600 மடங்காகப் பெருகும். அந்த ஆவி எரியும் மெழுகைத் தூக்கிக் கூரை வரை வீசும். ஒரு சட்டிக்குள் இருந்த நெருப்பு அறை முழுவதும் பரவிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். முடிந்தால் அடுப்பை அணைக்க வேண்டும். சட்டியின் வாயைவிட அகலமான உலோக மூடியை ஓரத்திலிருந்து சறுக்கி மூட வேண்டும். முற்றாக ஆறும்வரை திறந்து பார்க்கக்கூடாது. எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடக்கூடாது. உலர் தூள் தீயணைப்பான் இருந்தால் மிக நன்று. நெருப்பு சட்டியைத் தாண்டிவிட்டால் பொருட்களைப் பார்க்காமல் ஆட்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புப் படைக்கு அறிவிக்க வேண்டும். எனவே மூடி எப்போதும் அடுப்பின் பக்கத்தில், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மெழுகு உருக்கும் வீட்டில் மூடியில்லாத சட்டி ஒரு நாளும் அடுப்பில் ஏறக்கூடாது.

உருகிய மெழுகு தோலில் பட்டால் அது ஒட்டிக்கொண்டு சூட்டை விடாமல் இறக்கும். பட்ட இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். ஒட்டிய மெழுகைப் பிய்க்கக்கூடாது. தோலும் சேர்ந்து வரும். பற்பசை, மஞ்சள், மை போன்றவற்றைப் பூசக்கூடாது. கண், முகம், கைவிரல் மடிப்பு ஆகிய இடங்களில் பட்டாலும், உள்ளங்கையை விடப் பெரிதாகப் புண்பட்டாலும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். "வைத்தியசாலையில் மூட்டு வலிக்குக் கையை மெழுகில் முக்குகிறார்களே" என்று சிலர் கேட்பதுண்டு. அது குறைந்த வெப்பத்தில் உருகும்படி தயாரிக்கப்பட்டு, சுமார் 50 பாகையளவில் கட்டுப்படுத்தப்பட்ட மெழுகு. குசினியில் உருகும் மெழுகோடு அதை ஒப்பிடக்கூடாது.

'கவனமாக இரு' என்றால் போதுமா?

இவ்வளவும் மெழுகு உருக்குபவர் தெரிந்திருக்க வேண்டியவை. இதை ஏன் வியாபாரிகளுக்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். அதற்கு நமது நாட்டிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

மின்சாரம் எட்டாத வீடுகளில் வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட குப்பி விளக்குகள் எரிந்த காலத்தை நாம் அறிவோம். உயரமான அந்தப் போத்தல் தட்டுப்பட்டால் சாயும், உருளும், மூடி கழன்று எண்ணெய் கொட்டும். அதனால் எரிகாயமடைந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் வைத்தியர் விஜய கொடகும்புர 1990களின் தொடக்கத்தில் 'சுதீப' என்ற பாதுகாப்பான விளக்கை வடிவமைத்தார். மார்மைட் போத்தலைப் பார்த்துப் பிறந்த யோசனை அது. குட்டையான, கனமான, தடித்த கண்ணாடி. சாய்ந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. திருகி மூடும் உலோக மூடி. இதற்காக 1998ஆம் ஆண்டு அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

அந்த வைத்தியர் ஏழை மக்களைப் பார்த்துக் கவனமாக இருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் ஏற்கனவே கவனமாகத்தான் இருந்தார்கள். கவனம் தவறும் ஒரு நொடியில் விளக்கு காப்பாற்ற வேண்டும் என்று அவர் யோசித்தார். விளக்கை மாற்றினார். மலிவாகவும் செய்தார்.

மெழுகுத் தொழிலுக்கும் இதே நியாயம் பொருந்தும். திரி வார்க்கும் பெண்ணிடம் கவனமாக இரு என்று சொல்வது எளிது. இரண்டு சட்டியையும் வெப்பமானியையும் மூடியையும் அவர் கையில் சேர்ப்பதே பயனுள்ளது. அதைச் சேர்க்கும் வசதி யாரிடம் இருக்கிறது? பல இடங்களில் மெழுகைக் கடனுக்குக் கொடுப்பவர் வியாபாரி. வார்த்த திரியைத் திருப்பி எடுப்பவரும் அவரே. விலையைத் தீர்மானிப்பவரும் அவரே. இலாபத்தின் பெரும்பங்கு எவரிடம் போகிறதோ, ஆபத்தின் ஒரு பங்கையாவது அவர் சுமப்பதுதான் நீதி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வியாபாரியிடம் கணக்கோடு பேச வேண்டும். 50 கிலோ மூட்டை ஒன்றில் 25 கிராம் நிறையுள்ள திரிகள் 2,000 வார்க்கலாம். ஐந்து மூட்டையில் 10,000 திரி. இரண்டாவது சட்டி, மூடி, வெப்பமானி, கைப்பிடித் துணி எல்லாம் சேர்ந்து 5,000 ரூபா ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐந்து மூட்டைக்குள் அந்தச் செலவை மீட்க ஒரு திரிக்கு 50 சதம் கூட்டினால் போதும். செலவு இருமடங்கானாலும் ஒரு ரூபாதான். ஆறாவது மூட்டையில் இருந்து அதுவும் இல்லை. தீயணைப்பான் ஒன்றை வாங்கிக் கொடுத்து, அதன் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டாலும் கணக்கு பெரிதாக மாறாது.

மறுபக்கத்தையும் எழுதிப் பாருங்கள். ஒரு குசினி எரிந்தால் கடனுக்குக் கொடுத்த மெழுகு போகிறது. முன்பணம் போகிறது. சரக்கு வருவது நிற்கிறது. வீட்டுக்கென எடுத்த காப்புறுதி இருந்தாலும், அங்கு தொழில் நடப்பதை அறிவிக்காமல் விட்டிருந்தால் நட்டஈடு மறுக்கப்படக்கூடும். இவையெல்லாம் பணக்கணக்கு. எரிந்த முகத்தோடு வாழப்போகும் ஒரு பெண்ணின் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

"சந்தையில் இறக்குமதித் திரி மலிவாகக் கிடைக்கிறது, ஒரு ரூபா கூட்டினாலும் என் சரக்கு நிற்காது" என்று சில வியாபாரிகள் சொல்லக்கூடும். இதில் உண்மை இல்லாமலில்லை. மெழுகே வெளிநாட்டுச் சரக்கு. உலகில் அதிக அளவில் பரபின் ஏற்றுமதி செய்யும் சீனா திரியையும் செய்து அனுப்புகிறது. விலையால் மட்டும் அந்தப் பெரிய ஆலைகளோடு நமது குசினிகள் ஒருபோதும் போட்டியிட முடியாது. நேரடி அடுப்பில் உருக்கிச் சேமிக்கும் ஐம்பது சதத்தாலும் முடியாது. நம்மால் முடிவது அவசரத்துக்கு அன்றே சரக்குக் கொடுப்பது, கேட்ட அளவில் வார்த்துக் கொடுப்பது, தரத்தால் பெயர் வாங்குவது. தரத்தின் முதற்படி சூட்டைக் கட்டுப்படுத்துவது. அளவுக்கு மேல் காய்ச்சிய மெழுகு மஞ்சளாகும், நாற்றமடிக்கும், சாயம் கெடும். பாதுகாப்பாக உருக்கிய மெழுகே நல்ல திரியாகவும் அமையும்.

திரி வாங்குபவரின் வீடும் எரியக்கூடாது

பொறுப்பு குசினியோடு முடியவில்லை. திரி எரியப்போவது பாவனையாளரின் வீட்டில், பெரும்பாலும் இருட்டில், பாய், நுளம்புவலை, புத்தகங்களுக்கு நடுவில். அடி தட்டையாக இல்லாத திரி சாயும். தடித்த நூல் போட்ட மெல்லிய திரி வழிந்தோடிச் சுவாலை பெரிதாகும். சிரட்டையில் மெழுகு ஊற்றி விற்பது பார்வைக்கு அழகு. ஆனால் சிரட்டையே நல்ல எரிபொருள் என்பதை மறக்கக்கூடாது. சுவாலை அடியைத் தொடுமுன் அணையும்படி நூலின் அடியில் தகர வில்லை வைத்து வார்ப்பது நல்ல முறை. ஈயக்கம்பி வைத்த திரிநூலை அமெரிக்கா 2003ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது. பருத்தி நூலையே பாவிக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் மெழுகுதிரியின் தீப் பாதுகாப்புக்கென்றே இ.என். 15493 என்ற தரநிர்ணயம் 2007ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. நமது பெட்டிகளின் மேல் குறைந்தபட்சம் 'தட்டையான இடத்தில் வையுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள், தூங்குமுன் அணையுங்கள்' என்று தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுவதற்கு என்ன தடை? இரவில் படுக்கைக்குப் போகுமுன் நெருப்பையும் விளக்கையும் அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பதை அறிந்த சமூகம் நாம்.

அயல்நாட்டில் நடந்தது

2023 டிசம்பர் 8ஆம் திகதி இந்தியாவின் புனே நகருக்கு அருகே பிம்ப்ரி சிஞ்ச்வாட் பகுதியிலுள்ள தலவாடேயில், பிறந்தநாள் கேக்கில் வைக்கும் பொறித்திரிகள் செய்த ஒரு சிறு தொழிலகம் தீப்பற்றியது. அன்றே ஆறு பேர் உயிரிழந்தார்கள். காயமடைந்தவர்களில் மேலும் சிலர் பின்னர் வைத்தியசாலையில் உயிரிழந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு வந்த பெண்கள். அந்த இடம் உரிய அனுமதியின்றி இயங்கியது பின்னரே வெளிவந்தது. அங்கு வெடித்தது பொறிமருந்து. வெறும் மெழுகைவிட அது பன்மடங்கு ஆபத்தானது. ஆயினும் பாடம் நமக்கும் பொதுவானது. சிறு தொழில் என்று ஒருவரும் எட்டிப் பார்க்காத இடத்தில் என்ன நடக்கிறது என்று, அங்கிருந்து சரக்கு எடுப்பவர்கள் கேட்க வேண்டும். பொறித்திரி போன்ற சரக்கை வீட்டில் செய்யும்படி எவரையும் நமது வியாபாரிகள் தூண்டவே கூடாது.

செய்ய வேண்டியவை

திரி கொள்வனவு செய்யும் வியாபாரிகள் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. மெழுகு கொடுக்கும் முதல் நாளிலேயே இரண்டாவது சட்டியையும் வெப்பமானியையும் மூடியையும் சேர்த்துக் கொடுங்கள். விலையைத் தவணையில் கழித்துக்கொள்ளுங்கள். இரட்டைச் சட்டியில் உருக்குவதை வாங்கலின் நிபந்தனையாக்குங்கள். அதற்கான சதங்களை விலையில் சேருங்கள். மாதம் ஒரு முறையாவது அந்த வீட்டுக்குப் போய், அல்லது வீட்டுப் பெண்களை அனுப்பி, அடுப்பு இருக்கும் இடத்தைப் பாருங்கள். மின்வெட்டு வரும்வரை காத்திராமல், கேள்வி குறைந்த மாதங்களிலும் ஓரளவு வாங்கி இருப்பில் வையுங்கள். மெழுகுதிரி பழுதாகும் சரக்கல்ல. வெயில் படாமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். இருப்பு இருந்தால் இரவோடிரவாக வார்க்கச் சொல்லும் தேவையே எழாது. விபத்தைக் குறைப்பதில் இந்த ஒன்றுக்கே பாதிப் பங்கு உண்டு.

வர்த்தக சங்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான கைத்தொழில் அபிவிருத்திச் சபையும், பிரதேச செயலகங்களோடு இயங்கும் விதாதா வள நிலையங்களும் சிறு உற்பத்தியாளருக்குப் பயிற்சியளிக்கவே இருக்கின்றன. அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு, கல்முனை வர்த்தகர்கள் கூட்டாகக் கேட்டால், மெழுகுதிரிப் பயிற்சியில் அரை நாளைப் பாதுகாப்புக்கு ஒதுக்கச் செய்வது கடினமல்ல. எரியும் சட்டியை மூடியால் அணைத்துக் காட்டும்படி கல்முனை மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவைக் கேட்கலாம். ஒரு முறை கண்ணால் பார்த்தவர் அதை மறக்க மாட்டார்.

அக்கரைப்பற்றுச் சந்தையையும் ஆலையடிவேம்பு வீடுகளையும் பிரிப்பது ஒரு சில நிமிட நடை. சாகாம வீதியின் ஒரு பக்கத்தில் வார்க்கும் கை தமிழ்ப் பெண்ணுடையதாகவும், மறுபக்கத்தில் விற்கும் கடை முஸ்லிம் வியாபாரியுடையதாகவும் இருக்கலாம். கலவர காலங்களையும் கடந்து இந்த ஊர்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பதில் இப்படிப்பட்ட சிறு கொடுக்கல் வாங்கலுக்குப் பெரும் பங்குண்டு. நம்மை நம்பிச் சரக்குச் செய்பவரின் உயிரும் உடம்பும் நம்மிடம் உள்ள அமானிதம் என்று எண்ணினால் அந்த உறவு மேலும் உறுதிப்படும். அடுத்த தடவை திரி எடுக்கப் போகும்போது விலை பேசுமுன், "எப்படி உருக்குகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் சரக்கை மறுத்துவிட்டு வராதீர்கள். மறுநாள் இரண்டாவது சட்டியோடு போங்கள்.